பாரின் அடியில் வாப்பா நடக்கிறார்

கண்டக்குழி,
2013 மார்ச், புதன்கிழமை, அஸருக்குப் பின்.

அன்புள்ள அஸ்ஜத் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி ஸுஹைரா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கு விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதுவேன். கதைப் புத்தகம் வாசித்து வாசித்து இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

எல்லாரும் நலம் என்று தொடங்க முடியவில்லை. வாப்பாவுக்குக் கால் உளைவு என்றுதான் உம்மா ஃபோனில் உங்களிடம் சொல்லி வருகிறா. நானும் பக்கத்தில் நின்று ஓம் நானா, உளைவுதான் என்றேன். அது உளைவு இல்லை. ஜனவரியிலிருந்து வாப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. நம் வீட்டில் வாப்பாவின் கட்டிலுக்கு மேலே இருக்கிற ஜன்னலடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. அதனால் அவரைப் பற்றி ஃபோனில் எதுவும் கதைக்க ஏலாது. ஜௌபர் மாமா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மாலைதீவுக்குத் திரும்புகிறார். மாலேயிலிருந்து உங்கள் தீவுக்குச் சாமான் ஏற்றிப் போகிற தோணியில் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்குக் கடிதம் எழுதும்படி வாப்பாவே சொன்னார். எதற்கு என்பதை அதன் இடம் வரும்போது எழுதுகிறேன்.

முதலில் ஜனவரியில் நடந்தது. சமாதானம் வந்து, நேவி பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகலாம் என்று ஆன பிறகு, எல்லாரும் கடலட்டை பிடிக்கப் போய்ப் போய்க் கிட்டத்துப் பவளப்பாறைகளில் அட்டை முடிந்துவிட்டது. அதனால் வாப்பாவும் யாகப்பு மாமாவும் தூரத்தில் இருக்கிற பெரிய பவளப்பாறையின், பெரிய பாரின், வெளி விளிம்புக்குப் போனார்கள். அடுத்த வளவு யாகப்பு மாமாவை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களை டொக்டர் ஐயா என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணுகிறவர். மரியநாயகம் அண்ணன் போட்டில் இருந்தார். சிலிண்டர் கட்டிக்கொண்டு கீழே போகிறவர்களின் மூச்சு குமிழியாக மேலே வரும், போட்டில் இருப்பவர் அந்தக் குமிழிக்குப் பின்னாலேயே போட்டைக் கொண்டு போவார். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒழுங்காக எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கீழே மணல் கலங்கி, வாப்பாவுக்கு யாகப்பு மாமாவைக் காணவில்லை. ஒருவரை ஒருவர் காணாவிட்டால் உடனே மேலே வந்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. வாப்பா மேலே வந்தார். போட்டில் யாகப்பு மாமா இல்லை. மரியநாயகம் அண்ணன், அவன் இன்னும் கீழதான், அந்தா குமிழி போகுது பாருங்க என்று காட்டினார். வாப்பா திரும்ப இறங்கினார். குமிழி வருகிற இடத்துக்கு நேர் கீழே போய்ப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மேலே வந்தார். குமிழி கொஞ்சம் தள்ளி வந்துகொண்டிருந்தது. திரும்பவும் இறங்கினார். அப்படி வேகமாக ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் வாப்பாவுக்கு இது வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய டைவிங் புத்தகத்தை டிக்ஷனரி வைத்து முழுக்க வாசித்துவிட்டேன். இரத்தத்தில் காற்றுக் குமிழி தங்கி முதுகு நரம்பைக் கெடுத்துவிடுமாம். அதுவரை எனக்கு விளங்குகிறது.

விளங்காதது இதுதான். கடலில் வந்த குமிழி நிற்கவில்லை. வெளிக்கடல் பக்கமாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், நேராகப் போய்க்கொண்டே இருந்தது. போட்டும் பின்னால் போனது. நடுப்பகல், லுஹர் நேரத்தில் இறங்கிய மனிதர். சூரியன் தண்ணீரைத் தொடும் வரைக்கும் குமிழி வந்தது. ஒரு சிலிண்டரில் அவ்வளவு காற்று இல்லை நானா. மரியநாயகம் அண்ணன் மாதாவின் மேல் சத்தியம் பண்ணிச் சொன்னார். பிறகு எப்போது நின்றது என்று கேட்டேன். நின்றது என்று நான் சொல்லவில்லை, இருட்டில் தெரியவில்லை என்றுதான் சொன்னேன் என்றார். வாப்பா அப்போதுதான் போட்டுக்குள் எழும்பப் பார்த்திருக்கிறார். எழும்ப முடியவில்லை.

யாகப்பு மாமாவின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.

வாப்பாவைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். பிந்திவிட்டது, பயிற்சி செய்யுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். உம்மா வீட்டில் பயிற்சி செய்வித்தா. ஒன்றும் வரவில்லை. பெப்ரவரியில் இங்கே டைவர்மார் கூடி, திரும்பக் கீழே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் காற்றுக் கரைந்துவிடும், நாங்க எல்லாம் அப்படித்தான் சுகமானோம் என்றார்கள். புத்தகத்தில் அப்படிச் செய்யவே கூடாது என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதிலும் இவ்வளவு நாள் கழித்துச் செய்வதில் ஒரு பலனும் இல்லை. நான் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா கேட்டுவிட்டு, இத எழுதின ஆள் கண்டக்குழிக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டா.

வாப்பாவின் கக்கத்துக்குக் கீழே கயிறு கட்டி, இடுப்பில் ஈயம் கட்டி இறக்கினார்கள். கயிற்றின் மறுநுனி போட்டில். கூட டைவர்மாரில் ஒருவரான ஸப்ரான் நானா இறங்கினார். நாங்கள் கரையில் நின்றோம். போட் திரும்பி வந்ததும் வாப்பா தானாக இறங்கினார். முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடந்தார். தாங்கப் போன மரியநாயகம் அண்ணனைக் கையால் தள்ளிவிட்டு நடந்தார். வீடு வரைக்கும் வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டார். வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், புத்தகம் பொய் என்று சந்தோஷமாக அழுதேன். பிறகு வாப்பாவின் உடம்பில் உப்புக் காய்ந்தது. கோப்பை கையில் இருக்கும்போதே கால் போய்விட்டது.

அடுத்த முறை இன்னும் ஆழத்துக்கு இறக்கினார்கள். அப்போது அடுத்த நாள் காலை வரைக்கும் நடந்தார். அதிலிருந்து உம்மா வாப்பாவைக் கிணற்றுத் தண்ணீரில் குளிக்க விடுவதில்லை. தொழுகைக்கு வுளூ எடுப்பதும் கடல் தண்ணீரில்தான். குடத்தில் கொண்டு வந்து, துணியை நனைத்து, கால் இரண்டிலும் சுற்றி வைக்கிறா. அறையெல்லாம் பாசி வாசம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பக்கத்தில் இருக்கிற நிஃப்லா, உன் கொப்பியில் என்ன மீன் மணக்குது என்று கேட்கிறாள்.

நான் கவனித்த இரண்டு விஷயங்களை எழுதுகிறேன். ஒன்று, வாப்பாவின் உள்ளங்கால். அது நெடுநேரம் தண்ணீரில் நின்றவர்களின் கால் மாதிரிச் சுருங்கி வெள்ளையாக இருக்கிறது. ஈரத் துணி சுற்றுவதால் என்று நினைக்காதீர்கள். துணி சுற்றத் தொடங்கும் முன்பே அப்படித்தான் இருந்தது, நான் எண்ணெய் தேய்க்கும்போது கண்டேன். மற்றது வாப்பாவின் மூச்சு. தூக்கத்தில் நீளமாக இழுக்கிறார், நிறுத்துகிறார், பிறகு மெதுவாக விடுகிறார். சிலிண்டரிலிருந்து மூச்சு எடுப்பது அப்படித்தான் என்று நீங்களே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறீர்கள். பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது நானும் அதே அளவுக்கு இழுத்து விட்டுக்கொண்டிருப்பதைத் திடீரென்று உணர்வேன். நிறுத்திப் பார்த்தால் உம்மாவும் அப்படித்தான்.

யாகப்பு மாமாவின் பெண்சாதி மார்த்தா மாமி ஒவ்வொரு நாளும் பின்னேரம் வருகிறா. கோயிலில் மாமாவின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் எவ்வளவு கேட்டும் மாமி சம்மதிக்கவில்லை. வாப்பாவின் கட்டிலருகே முக்காலியைப் போட்டுக்கொண்டு, கீழ அவர் என்ன சொன்னார் என்று கேட்பா. வாப்பாவும் பக்கத்து ஊருக்குப் போய் வந்தவர் மாதிரிச் சொல்லுவார். ஆடு குட்டி போட்டதா என்று கேட்டான், சின்னவனின் இருமல் நின்றதா என்று கேட்டான் என்பார். மாமி, உசிரோட இருக்கக்குள்ள ஒருநாளும் சின்னவனைக் கேக்காத மனிசன், இப்ப மட்டும் என்ன அக்கறை என்று திட்டுவா. ஆட்டை வித்துட்டேன் என்று சொல்லுங்க, கூரைக்குத் தகரம் போட்டாச்சு என்று சொல்லுங்க, அவருடைய தங்கச்சி என்னோட கதைக்கிறல்ல என்று மறக்காமச் சொல்லுங்க என்பா. வாப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். போகும்போது மாமி சிரித்துக்கொண்டுதான் போவா. எனக்குத்தான் அந்த முக்காலியைத் தொட்டுத் தூக்கி வைக்கப் பயமாக இருக்கும்.

மூன்றாம் முறை நானே போட்டில் போனேன். உம்மாவுக்குக் கடலில் தலை சுற்றும். மரியநாயகம் அண்ணன், பொம்புளப் புள்ளைய எப்படிப் பாருக்குக் கூட்டிப் போற, ஊர் சிரிக்கும் என்றார். உம்மா, ஊர் வந்து கயிறு பிடிக்குமா என்று கேட்டா. அப்படித்தான் கயிறு என் கைக்கு வந்தது.

உங்கள் தீவின் படத்தை நான் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பவளப்பாறை மோதிரம் மாதிரிச் சுற்றி இருக்கிறது, மோதிரத்துக்குள்ளே கடல் பச்சை, வெளியே ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புத் தொடங்குகிற இடத்தில்தான் வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு இறங்குவதாகச் சொன்னீர்கள். நம் பாருக்கு வெளியேயும் அதே கறுப்புத்தான் என்று அன்றைக்குத்தான் கண்டேன். காற்றே இல்லை. வெயில் நேராக உள்ளே இறங்கி, ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. வாப்பாவை இறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பெருநாள் அன்று தொழுகைக்குப் புறப்படும்போது இருக்கிற முகம்.

கீழே போனது இரண்டு பேர், வாப்பாவும் ஸப்ரான் நானாவும். மேலே குமிழி மூன்று இடத்தில் வந்தது.

நான் அவசரப்பட்டு எழுதவில்லை. சிலிண்டரில் எங்காவது காற்று ஒழுகினால் இன்னொரு வரிசை வருமா என்று யோசித்தேன். அப்படி வந்தால் அது அவர்களுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். பாறைக்குள் தங்கிய காற்று வெளியே வருமா என்று யோசித்தேன். அப்படி வந்தால் அது ஓர் இடத்திலேயே நிற்க வேண்டும். இது வாப்பாவின் குமிழிக்குப் பக்கத்தில் வரும், கொஞ்சம் முன்னால் போகும், வாப்பாவினது வந்து சேரும் வரை நிற்கும், பிறகு இரண்டும் சேர்ந்து போகும். ஸப்ரான் நானாவின் குமிழி பின்னால் தூரத்தில் ஓர் இடத்திலேயே நின்றது. நான் மரியநாயகம் அண்ணனைப் பார்த்தேன். அவர் எஞ்சின் பக்கம் திரும்பி, மார்த்தாக்கு இதச் சொல்லாத என்று மட்டும் சொன்னார். கையில் கயிறு பாரமில்லாமல் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். வெறும் கயிறுதான் வந்தது. முடிச்சை அவிழ்த்திருந்தார்கள்.

நெடுநேரத்துக்குப் பிறகு வாப்பா தானாகவே மேலே வந்தார். ஸப்ரான் நானா முதலிலேயே வந்து போட்டுக்குள் குந்தி இருந்தார். வாப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தார் என்றார். நீந்தவில்லை, மணலில் பாதம் பதித்து, தார் ரோட்டில் போகிற மாதிரி நடந்தார், நடுவில் நடுவில் நின்று, பக்கம் திரும்பித் தலையாட்டினார் என்றார். வேறு யாரையும் கண்டீர்களா என்று கேட்டேன். அடுத்த நாளே கரைத்தீவில் இருக்கிற அவர் மாமி வீட்டுக்குப் போய்விட்டார். இனி இறங்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வேறு டைவர் யாரும் சம்மதிக்கவில்லை.

உங்கள் தீவில் ஆள் இறங்காத இடத்தில் குமிழி வருவதை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? கண்டிருந்தால் அது ஏன் என்று எழுதுங்கள். எனக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

இனி வாப்பா எழுதச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கரைக்கு வந்ததிலிருந்து வாப்பா மாப்புக் கேட்கத் தொடங்கினார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய்க் கேட்பார்களே, அப்படி. இந்த முறையும் நடை நிலைக்கவில்லை, பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி மரியநாயகம் அண்ணனும் அவர் மச்சானும் தூக்கிக்கொண்டு போனார்கள். மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசர்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ் அதில் தலையிட மாட்டான், ஒருத்தர் மிச்சமிருந்தாலும் நான் போக மாட்டேன் என்று வாப்பா சொன்னார். எல்லாரும் உம்ராவுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, எங்களுக்கும் துஆ கேளுங்கள் என்றார்கள். வயசாளி மீரா முகைதீன் அப்பாவின் வீட்டில் பெரிய பகிடி. வாப்பா வேலித் தகராறில் ஏசியதற்கு மாப்புக் கேட்டார். அந்த அப்பா, வேலியத் தள்ளிப் போட்டது நான்தான்டா, நீதான் எனக்கு மாப்புத் தரணும், ஆனா வேலி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மார்த்தா மாமியிடம் கேட்டபோது மட்டும் மாமி, அவரிட்டக் கேட்டீங்களா என்றா. வாப்பா, முதல்ல அவனிட்டத்தான் கேட்டேன், தந்துட்டான் என்றார்.

எங்கே போகப் போறீங்க வாப்பா என்று நான் நேரே கேட்டேன். நடக்கப் போறேன் மகள் என்றார். தன் உயிரைத் தானே போக்குவது ஹராம் என்று சொன்னேன், அழுதுகொண்டுதான் சொன்னேன். சாகப் போற ஆள் இவ்வளவு சந்தோசமாவா இருப்பான், பைத்தியம் என்று என் தலையைத் தடவினார். இந்த முறை துணைக்கு ஆள் வேண்டாமாம். கயிறும் வேண்டாமாம். உம்மா, இந்த முறை முழுசாச் சுகமாகி வருவார் என்று எல்லாரிடமும் சொல்கிறா. சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

இனி மிச்சம் நீங்கள் ஒருவர்தான். ஓ.எல். பரீட்சையில் அவ்வளவு நல்லாச் செய்த உங்களை மேலே படிக்க விடாமல் நிறுத்தி, முதுகில் சிலிண்டரைக் கட்டியதற்கும், நீங்கள் போக நின்றபோது இந்த வாசற்படி ஏறாதே என்று சொன்னதற்கும் வாப்பா உங்களிடம் மாப்புக் கேட்கிறார். சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்று சொன்னார், எழுதிவிட்டேன். உங்கள் பதில் வந்த பிறகுதான் போவாராம்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். கொடுக்காதீர்கள் நானா. நாலு வருஷமாக வாப்பாவோடு கதைக்காமல் இருந்தீர்களே, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருங்கள். சித்திரை முடிய சோளகக் காற்று எழும்பிவிடும், பாருக்குப் போட் போகாது. அதுவரைக்கும் கோபமாக இருங்கள். நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை, இஷாவுக்குப் பின்.

நானா, நேற்று எழுதியதைக் கிழித்துவிட நினைத்தேன். குறைக்க மாட்டேன் என்று எழுதியதால் கிழிக்கவில்லை.

இன்று பின்னேரம் நீங்கள் ஃபோன் பண்ணினீர்கள். ஜௌபர் மாமா உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டார் என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது. உம்மா ஸலாம் சொல்லி முடிக்குமுன், வாப்பாக்கிட்டக் குடுங்க என்றீர்கள். நான் கையை நீட்டினேன். உம்மா என் கையைத் தாண்டி வாப்பாவிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. அந்த நேரத்தில் நான் என்ன சொல்லித் தடுக்க முடியும்? நாலு வருஷமாக உம்மா அதற்காகத்தானே துஆ கேட்டா.

நீங்கள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் வாப்பா, லீவு கேட்டிருக்கேன், வாறேன், வந்து உங்களைக் கொழும்புக்குக் கூட்டிப் போறேன் என்றீர்கள். வாப்பா, அப்ப மாப்புத் தந்துட்டீங்களா மகன் என்று கேட்டார். உங்களை அவர் நீங்கள் என்று சொன்னதை நான் இன்றுதான் கேட்டேன். தந்துட்டேன் வாப்பா, நீங்களும் எனக்குத் தாங்க என்றீர்கள். பிறகு இரண்டு பேரும் அழுதீர்கள். நான் ஃபோனை வாங்குமுன் லைன் போய்விட்டது. அதன் பிறகு எத்தனை தரம் எடுத்தாலும் எனக்கு விளங்காத பாஷையில் ஒரு பெண் ஒரே வசனத்தைச் சொன்னாள். நீங்கள் பெரிய தீவிலிருந்து உங்கள் தீவுக்குத் திரும்பியிருப்பீர்கள். இனி உங்களோடு கதைக்கக் கிடைப்பது அடுத்த வியாழக்கிழமைதான்.

வாப்பா உம்மாவிடம் வெள்ளைச் சாரனை அயன் பண்ணச் சொன்னார். மரியநாயகம் அண்ணனைக் கூப்பிட்டு, நாளைக்கு ஜும்ஆ தொழுதுவிட்டுப் போவோம் என்றார். அவர் வேண்டாம் காக்கா என்று நெடுநேரம் மன்றாடினார். பிறகு, நீங்க கொண்டு போகாட்டி நான் தவழ்ந்து போவேன் என்று வாப்பா சொன்னதும் சம்மதித்துவிட்டார். மார்த்தா மாமி ஒரு பார்சல் கொண்டு வந்து வைத்திருக்கிறா. மாமாவுடைய சேட் என்று நினைக்கிறேன். அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நாளை முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் செய்தது பிழை இல்லை. வாப்பா அழுது கேட்டார், மகன் நீங்கள் கொடுத்தீர்கள். நேற்று நான் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு உங்களைத் தண்டிக்காதீர்கள்.

மிச்சமான ஒருவர் இன்னும் இருக்கிறார். நான் இஷா தொழுதுவிட்டு வரும்போது வாப்பா உம்மாவிடம் சொன்னது கேட்டது. ஊரெல்லாம் கேட்டேன், வீட்டில இருக்கிற புள்ளையிட்டக் கேக்க மறந்துட்டேனே என்றார். உம்மா, அவள் சின்னப் புள்ளதானே என்றா. சின்னப் புள்ளைக்கும் ஹக்கு இருக்கு, உரிமை இருக்கு, வரச் சொல்லு என்றார் வாப்பா.

அதிலிருந்து நான் என் அறையில் இருந்துகொண்டு, பிறந்ததிலிருந்து வாப்பா எனக்குச் செய்த அநியாயம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உண்மையான ஒன்று கிடைத்தால், தர மாட்டேன் என்று சொல்லிவிடலாம். பெருநாளுக்கு வாங்கித் தந்த செருப்பு ஒருமுறை காலைக் கடித்தது. அது செருப்பின் குற்றம். கற்பிட்டிச் சந்தையில் என்னை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டார், ஆனால் அடுத்த தரிப்பில் இறங்கி ஓடியே வந்தார். உங்களைப் படிப்பிலிருந்து நிறுத்தியதற்கு எனக்கும் கோபம்தான். அது உங்களுடைய ஹக்கு, நீங்கள் கொடுத்து முடித்துவிட்டீர்கள். என்னை அவர் படிக்க விட்டார். விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்றபோது, நல்லாப் படி, பெரிய ஆளாகி எனக்கு வைத்தியம் பாரு என்றார். நானா, எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வாப்பா முன்னால் வந்து கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். மன்னிக்க ஒன்றுமில்லை வாப்பா என்றுதான் வாயில் வரும். அது வந்துவிட்டால் போய்விடுவார்.

ஆகவே அவர் என்னிடம் கேட்கக் கூடாது. படிக்கிற பிள்ளை தூங்கினால் எழுப்பக் கூடாது என்பது இந்த வீட்டில் வாப்பா போட்ட சட்டம். நான் தூங்குகிறேன் என்று வாயால் சொல்லப் போவதில்லை. அவர்களாக அப்படி நினைத்தால் அது என் பொய் ஆகாது என்று நினைக்கிறேன். காலையில் என்னை வீட்டில் காண மாட்டார்கள். எங்கே இருப்பேன் என்று இதில் எழுதவில்லை, ஜௌபர் மாமா கடிதத்தைப் பிரித்து வாசிப்பார் என்று உம்மா சொல்லியிருக்கிறா. நாளைக்குப் பிறகு இன்னொரு நாள், அதற்குப் பிறகு இன்னொன்று. காற்று மாறும் வரை இந்த மகளைத் தேடிப் பிடிக்க ஏலாதபடி இருந்துகொள்வேன்.

அல்லாஹ் உங்களைத் தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் காப்பாற்றுவானாக. கீழே யாராவது உங்களை முன்னால் வரச் சொல்லிக் கைகாட்டினால், தெரிந்த ஆளாக இருந்தாலும் போகாதீர்கள். லீவு கிடைத்ததும் வாருங்கள். நீங்கள் வரும் வரைக்கும் வாப்பாவை இங்கேயே வைத்திருக்கப் பார்க்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி
ஸுஹைரா

வாப்பா இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். உம்மாவின் செருப்புச் சத்தம் கதவுக்குக் கிட்ட வருகிறது. இந்த வரி கோணலாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டேன்.